செத்த சிப்பியின் பெயர்

ரேசர் கிளாம் பார்க்க மடக்கிய சவரக்கத்தி மாதிரியே இருக்கும். 1758இல் லின்னேயஸ் ஐரோப்பியக் கடல்களின் மூன்று இனங்களுக்கு லத்தீனில் உறை, நெற்று, வாள் என்று பொருள்படப் பெயர் வைத்தார். எல்லாமே சோலென் என்ற ஒரே பேரினம். தோற்றம்தான் அவருக்கு வழிகாட்டி.

தோற்றம் ஏமாற்றும். ஓட்டைத் திறந்து, இரண்டு ஓடுகளும் சேரும் கீலில் பற்களை எண்ண வேண்டும். சோலெனுக்கு ஓட்டுக்கு ஒரு பல். வாளுக்கும் நெற்றுக்கும் இடது ஓட்டில் இரண்டு. அவை இன்று 1817இல் ஷூமாக்கர் உருவாக்கிய என்சிஸ் பேரினத்தில் இருக்கின்றன.

ஆனால் என்னைத் தூங்கவிடாத கதை வேறு. 1970களின் கடைசியில் அமெரிக்கச் சிப்பி ஒன்று ஜெர்மனியின் வட கடல் கரையில் குடியேறியது. பலரும் அதை என்சிஸ் டைரக்டஸ் என்றே எழுதினார்கள். 1843இல் கான்ராட் வைத்த பெயர் அது. அவர் கையில் இருந்ததோ ஒரு புதைபடிவம்! உயிரோடு இருக்கும் சிப்பிக்கு என்சிஸ் லீயி என்ற இன்றைய பெயர் கிடைத்தது 2015இல்தான். அதுவரை, பலரின் எழுத்தில் செத்துப்போன ஒன்றின் பெயரில் இது கடல் கடந்து பெருகிக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் பழைய கட்டுரையில் ஒரு உயிரினப் பெயரைப் பார்த்தால், அதை வைத்தவர் கையில் என்ன இருந்தது என்றுதான் முதலில் தேடுகிறேன்.