கூடாரப் பண்டிகையும் கீற்றுக் கொட்டகையும்

அம்பத்தூரில் நம் சபை வளர்ந்த வரலாற்றை மூத்தவர்கள் நன்கறிவார்கள். ஆகவே அதை விடுத்து, நெடுநாளாக என் தியானத்தில் இருந்துவரும் கூடாரப் பண்டிகையைப் பற்றியே எழுதுகிறேன்.

லேவியராகமம் 23ஆம் அதிகாரம் இஸ்ரவேலின் பண்டிகைகளை வகுத்துரைக்கிறது. பஸ்காவும் பெந்தெகொஸ்தேயும் நம் பிரசங்கங்களில் அடிக்கடி வரும். ஏழாம் மாதம் 15ஆம் தேதி தொடங்கும் கூடாரப் பண்டிகை வருவது அரிது. களமும் ஆலையும் நிறைந்திருக்கும் காலம் அது. அப்போதுதான் வீடு வாசல் உள்ளவன் தழை வேய்ந்த குடிலில் ஏழு நாள் தங்க வேண்டும். எகிப்தை விட்டு வந்த முன்னோர் அப்படித்தான் குடியிருந்தார்கள் என்பதைச் சந்ததி அறிய வேண்டும் என்பதே கட்டளையின் நோக்கம். கூரையின் இடைவெளியில் விண்மீன்கள் தெரிவது நல்லது என்பார்கள் யூத ரபிமார்.

என் மனம் எப்போதும் போய் நிற்பது நெகேமியா 8ஆம் அதிகாரத்தில். சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனங்கள் நியாயப்பிரமாணம் வாசிக்கக் கேட்டு அழுகிறார்கள். பிறகு மலைக்குப் போய் ஒலிவக் கிளைகளும் பேரீச்ச மட்டைகளும் கொண்டுவந்து, மாடிகளிலும் முற்றங்களிலும் தண்ணீர்வாசல் வீதியிலும் குடில் போடுகிறார்கள். கொச்சி யூதர்கள் இதையே தென்னங்கீற்றால் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவரான யோசேப்பு ரப்பானுக்கு 72 உரிமைகளை வழங்கி வட்டெழுத்தில் செப்பேடு பொறித்தான். வேதம் சொல்லும் அந்நியரை நம் தென்னாடு இப்படி ஏற்றது என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

பண்டிகை முடிந்த எட்டாம் நாளில் யூத ஜெப ஆலயங்களில் மழைக்காக ஜெபிப்பார்கள். பெரும்பாலும் நமக்கு அது புரட்டாசிக் கடைசி, ஐப்பசித் தொடக்கம். வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் காத்திருக்கும் நாட்கள்.

உபாகமம் 16ஆம் அதிகாரம் இந்தச் சந்தோஷத்தில் வேலைக்காரர், பரதேசி, திக்கற்றவர், விதவை எல்லோரையும் சேர்க்கச் சொல்கிறது. இங்கே முதலில் ஜெபிக்கக் கூடியவர்களும் வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள்தாமே! கீற்றுக் கொட்டகையில் முழங்காற்படியிட்டவர்கள் இன்று கான்கிரீட் ஆலயத்தில் ஆராதிக்கிறோம். இவ்வாண்டு அறுப்பின் பண்டிகைக்கு ஆலய வளாகத்தில் கீற்றுக் கொட்டகை ஒன்று போடுவோம். தொழிற்பேட்டையில் வேலைசெய்யும் ஒடிசா, பீகார் சகோதரர்களை அழைத்து முதல் பந்தியில் உட்காரவைப்போம். கீற்றுக்கான செலவை நான் ஏற்கிறேன்.