தானே சாவி கொடுக்கும் தங்க மணிக்கூடு

பழைய தங்க மணிக்கூடு ஒன்று கைக்கு வந்ததும் நம்மவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை பவுண் தேறும்?" என்பதே. அதை நான் குறை சொல்லமாட்டேன். பவுணை விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த வீடுகள் எத்தனையோ! ஆனால் மணிக்கூட்டின் நிலைமையைத் தங்கம் சொல்வதில்லை. தங்கம் துருப்பிடியாது, உள்ளே இருக்கும் உருக்குத் துருப்பிடிக்கும். வெளியே மினுக்கம் குன்றாதிருக்க, உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகிக் கிடக்கும்.

உள்ளே நடக்கும் இந்த அழிவைத் தடுக்க முனைந்தவர் ஜோன் ஹார்வூட் என்ற ஆங்கிலேயர். 1893இல் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் சேவை செய்துவிட்டு, மான் தீவில் மணிக்கூடு திருத்தும் தொழிலில் இருந்தார். சட்டைப்பையில் மூடி வைத்த மணிக்கூட்டைப் போரானது மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தது. அங்கே புழுதிக்கும் வியர்வைக்கும் குறைவில்லை. அவை உள்ளே புகும் வாசல் எது? தினமும் திருகிச் சாவி கொடுக்கிறோமே, அந்தக் குமிழ் நுழையும் துவாரந்தான். வாசலையே அடைத்துவிட்டால் என்ன என்று யோசித்தார் ஹார்வூட்.

குமிழ் இல்லாவிட்டால் சாவி கொடுப்பது யார்? கையின் அசைவு! உள்ளே ஒரு பாரம் ஊசலாடும். அது சுருள்வில்லை முறுக்கும். இந்த எண்ணம் புதியதல்ல. 1770களிலேயே சுவிற்சர்லாந்தில் பெரலே என்பவர் இவ்வகைச் சட்டைப்பை மணிக்கூடு செய்ததாகச் சொல்வார்கள். ஆனால் சட்டைப்பையில் அசைவு எவ்வளவு கிடைக்கும்? மணிக்கட்டுக்கு வந்த பின்னரே இந்தச் சூட்சுமத்துக்கு உயிர் வந்தது என்பேன்.

1924இல் ஹார்வூட்டுக்குச் சுவிஸ் காப்புரிமை கிடைத்தது. 1926இல் பாசல் சந்தையில் மணிக்கூடு அறிமுகமானது. முள்ளைத் திருப்பக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்ப வேண்டும். முகப்பில் 6க்கு மேலே ஒரு சிறு துளை. அதில் சிவப்புத் தெரிந்தால் மணிக்கூடு ஓடும் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். முழுதாக முறுகினால் 12 மணித்தியாலம் ஓடும். கழற்றி வைத்துவிட்டுத் தூங்கினால், காலையில் நின்றுபோன மணிக்கூட்டைக் கண்டு எரிச்சல் வந்திருக்காதா? போதாக்குறைக்கு 1929இன் பொருளாதார வீழ்ச்சியும் வந்தது. 1931இல் ஹார்வூட்டின் கம்பனி மூடப்பட்டது. அதே ஆண்டில் முழுச் சுற்றும் சுழலும் பாரத்தோடு றோலெக்ஸ் நிறுவனம் தன் மணிக்கூட்டுக்குக் காப்புரிமை பெற்றது. ஆனால் அதிலே குமிழ் இருந்தது.

ஹார்வூட்டின் மணிக்கூடுகளில் தங்கத்தில் செய்தவையும் உண்டு. அவற்றை இன்று கையில் எடுப்பவர், குமிழ் எங்கோ விழுந்துவிட்டது என்று எண்ணினாலும் வியப்பில்லை. தங்கம் மென்மையான உலோகம். 18 கரட்டில் நூற்றுக்கு 75 பங்கு தங்கம். 9 கரட்டில் 37.5 பங்குதான். எதுவானாலும் திருப்பித் திருப்பி வளையம் தளர்ந்தால், ஹார்வூட் அடைத்த வாசல் இன்னொரு பக்கம் திறந்துகொள்ளும்.

இதைப் பாராமல் சிலர் மணிக்கூட்டை நேரே மெருகுக்குக் கொடுக்கிறார்கள். மெருகு போடுவதென்றால் தங்கத்தைத் தேய்த்தெடுப்பதுதான், வேறென்ன? விளிம்புகள் மழுங்கும், முத்திரைகள் மங்கும். எந்த நாட்டில், எத்தனை கரட்டில் செய்தது என்பதற்கு அந்த முத்திரைதானே சாட்சி! பழுப்பேறிய முகப்புக்குப் புதுவர்ணம் பூசுவதையும் நான் விரும்புவதில்லை. கீறல் கிடக்கட்டும். பின்மூடியைத் திறந்து, பழைய எண்ணெயைக் கழுவித் துடைத்து, புதிய எண்ணெய் ஒரு துளி வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பிரித்தானிய மணிக்கூட்டியல் நிறுவகம் ஹார்வூட்டுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது 1957இல். அவருடைய கம்பனி மூடி அப்போது 26 வருடங்களாகியிருந்தன.