குருதியுறையாமை நோயும் உடலின் பொறுதியும்

பிணி தீர்க்க வந்த மருந்தையே உடல் பகையெனக் கொள்ளும் விந்தையை ஈமோபீலியா நோயின் வரலாற்றிலே காணலாம். இந்நோயின் முதலாம் வகை, குருதியை உறையச் செய்யும் எட்டாங் காரணியின் குறைவால் வருவது. பெரும்பாலும் ஆண்மக்களையே பற்றுவது. 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஜூடித் பூல் அம்மையார், உறைநிலையிலுள்ள குருதிநீரை மெல்ல உருகச் செய்து, இக்காரணி செறிந்த படிவைப் பிரித்தெடுத்தார். நோயாளர்க்கு நல்வாழ்வு பிறந்தது.

ஆயின், நோய் கடுமையாயுள்ளோருள் 100 பேருக்கு ஏறக்குறைய 30 பேரின் உடல், ஏற்றிய காரணியை அந்நியமெனக் கருதிப் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது. மருந்து பயனிழக்கின்றது, குருதிப் பெருக்கோ நிற்பதில்லை.

பிறபொருளைப் பொறுக்குமாறு உடலைப் பழக்கலாம் என்பதை மெடவார் குழுவினர் 1953 இல் சுண்டெலிகளிற் காட்டினர். அவருக்கும் பேணற்றுக்கும் 1960 இல் நோபெல் பரிசு கிடைத்தது. எனினும், அச்சுண்டெலிகள் கருவிலேயே பழக்கப்பட்டவை. பிறந்து வளர்ந்து, எதிர்ப்பும் முற்றிய உடலை இணக்குதல் கூடுமோ?

கூடும் என விடை தந்தது ஜேர்மனியின் பொன் நகரம். பிறக்மான், கோர்ம்சன் என்போர் பகைக்கப்பட்ட காரணியையே பேரளவில் இடைவிடாது ஏற்ற, எதிரிகள் தணிந்தமையை 1977 இல் வெளியிட்டனர். சுவீடன் மருத்துவர் பிற மருந்துகளையுஞ் சேர்த்தனர். ஒல்லாந்து மருத்துவரோ சிற்றளவே போதுமென்று 1986 இற் காட்டினர்.

பேரளவோ சிற்றளவோ சிறந்தது? 2012 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. கிலோகிராம் ஒன்றுக்கு நாடோறும் 200 அலகு ஒரு முறை. வாரம் மும்முறை 50 அலகு மற்றது. 20 கிலோகிராம் நிறையுள்ள சிறுவனுக்கு முன்னையது வாரம் 28,000 அலகும், பின்னையது 3,000 அலகும் வேண்டும். வெற்றி இரண்டிலும் ஏறக்குறைய ஒத்திருந்தது. ஆனாற் சிற்றளவு பெற்றோர்க்குக் குருதிப்பெருக்கு மிகுந்தமையால் ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. பொருளிற் சிக்கனம் நோவிற் சிக்கனமாகவில்லை.

2017 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமிசிசுமாப், எட்டாங் காரணியின் தொழிலைத் தான் ஏற்றுக் குருதிப்பெருக்கைத் தடுக்கின்றது. எதிரிகளையோ அது நீக்குவதில்லை. ஆதலின் பழைய முறையின் பயன் ஒழிந்துவிடவில்லை.

இலவச வைத்தியம் நிலவும் இலங்கையிலும் மருந்தின் விலையை அரசு இறுத்தே ஆகவேண்டும். வத்தேகமச் சிறுவனொருவன் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், ஊசிக்காகக் கண்டிக்குச் சென்று மீளின் அவன் கல்வி என்னாகும்? மருந்தளவைப் பற்றிய வினா மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. பாடசாலைக்கும் சமுதாயத்துக்கும் உரியது. உடலுக்குப் பொறுதி கற்பிக்கும் இவ்வைத்தியம், சூழவுள்ளோரிடத்தும் பொறுமையையே வேண்டி நிற்கின்றது.