நீர்வீழ்ச்சி ஏன் கோடு கோடாகத் தெரிந்தது?

லீவுக்கு வந்திருந்த என் மருமகன் லேப்டொப்பில் பழைய சோனிக் கேமைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தான். முதல் கட்டத்திலேயே ஒரு நீர்வீழ்ச்சி வரும்.

"மாமா, இதப் பாருங்க. தண்ணியா இது? ஜன்னல் கம்பி மாதிரி இருக்கு. அந்தக் காலத்துல இவங்களுக்கு வரையத் தெரியாதா?"

பார்த்தேன். உண்மைதான். நெட்டு நெட்டாகக் கோடுகள், இடையில் பின்னாலுள்ள பாறை. ஆனாலும் வரலாறு படிப்பிக்கிறவனுக்கு அந்தத் தீர்ப்பை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. பிள்ளைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அந்த கேம் 1991இல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவுக்காக வந்தது. அந்தப் பெட்டியிடம் இருந்தது மொத்தம் 512 நிறங்கள். ஒரே நேரத்தில் திரைக்கு வரக்கூடியவை 64 வரைதான். தண்ணீர் போல ஊடுருவித் தெரியும் நிறத்தைக் கலந்து காட்டும் வசதி அதில் இல்லை. அதனால் ஓவியர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு வரிசைக்குத் தண்ணீர் நிறம் பூசி, அடுத்த வரிசையை வெறுமையாக விட்டார்கள்.

பல வீடுகளில் கேம் பெட்டியிலிருந்து டீவிக்குப் படத்தைக் கொண்டுபோனது அந்த மஞ்சள் முனை வயர்தான். வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் அது ஒரே சமிக்ஞையில் திணித்து அனுப்பும். மெல்லிய கோடுகளை அதனால் பிரித்துக் காட்ட முடியாது, பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். கோடுகள் கரைந்தபோது பாறைக்கு மேல் தண்ணீர் ஓடியது. வயரின் குறைபாடே ஓவியரின் தூரிகையாகிவிட்டது. ஆகவே இன்று நம்மிடம் இருக்கும் கேம் ஃபைல் பாதிப் படம்தான். மீதிப் பாதி டீவிக்குள் நடந்தது.

அந்த டீவிக்குள் இருந்தது சீஆர்டி எனும் கண்ணாடிக் குழாய். 1897இல் ஜெர்மன் விஞ்ஞானி கார்ல் ஃபெர்டினான்ட் பிரவுன் செய்த கருவியின் வழிவந்தது. இலத்திரன் கற்றை திரையில் வரி வரியாக ஓடிப் படத்தை எழுதும். அமெரிக்க, ஜப்பானிய முறையில் 525 வரிகள். ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் மறு தடவை. பழைய கேம் பெட்டிகளோ சுமார் 240 வரிகளை மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்திலேயே எழுதின. இடையில் எழுதப்படாமல் விடுபட்ட வரிகள்தான் எல்லோரும் பேசும் அந்தக் கறுப்புக் கோடுகள்.

இன்றைய தட்டைத் திரையில் இதையெல்லாம் போலச் செய்வது ஷேடர் எனும் சிறு நிரல். ஒவ்வொரு பிக்சலுக்கும் என்ன நிறம் என்று கிராஃபிக்ஸ் சிப்பில் கணக்கிடும். ரெட்ரோஆர்ச் என்ற இலவச மென்பொருளில் இப்படி நிறைய ஷேடர்கள் கிடைக்கின்றன. டிமொதி லொட்டஸ் எழுதியது, சீஆர்டி ரோயல் என்பவை பிரபலமானவை.

புதிதாகப் போடுகிறவர்கள் முதலில் செய்யும் பிழை கறுப்புக் கோட்டை முழு அளவுக்குக் கூட்டிவிடுவது. உண்மைக் குழாயில் பிரகாசமான இடத்தில் கற்றை தடித்து, இடைவெளி கிட்டத்தட்ட மூடிவிடும். இருண்ட இடத்தில்தான் கோடு நன்றாகத் தெரியும். எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில் கோடு போட்டால் அது டீவி அல்ல, ஒற்றை ரூல் கொப்பி.

இரண்டாவது, சின்னக் கணக்கு. 1080 வரித் திரையை 240ஆல் வகுத்தால் 4.5. அரை பிக்சல் என்று ஒன்று கிடையாது, அதனால் சில கோடு தடிப்பாகவும் சில மெல்லியதாகவும் விழும். நான்கு மடங்காக 960இல் நிறுத்தி மேலும் கீழும் கறுப்பு விடுவது நல்லது. 4கே திரையில் 2160, சரியாக ஒன்பது மடங்கு. அடுத்தது மாஸ்க், அதாவது சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளின் அமைப்பு. 1968இல் சோனியின் ட்ரினிட்ரான் புள்ளிகளை விட்டு நெட்டுப் பட்டைகளுக்கு மாறியது. எதைத் தெரிவு செய்தாலும் படம் இருண்டுவிடும், வெளிச்சத்தைக் கூட்டியே ஆக வேண்டும்.

இங்கேதான் எனக்குச் சிக்கல் தொடங்குகிறது. யாருடைய டீவியைப் போலச் செய்வது? ஐரோப்பாவில் ஸ்கார்ட் வயரில் மூன்று நிறங்களையும் தனித்தனியே அனுப்பிப் பார்த்தவர்கள் அன்றைக்கே அந்த நீர்வீழ்ச்சியைக் கோடாகத்தான் பார்த்தார்கள். நம் நாட்டிலும் இருந்த பால் முறையில் செக்கனுக்கு 60க்குப் பதிலாக 50 தடவை. பால் நாடுகளுக்கு விற்கப்பட்ட பெட்டியில் சோனிக் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது, பாட்டும் மெதுவாகத்தான். எல்லாமே உண்மையான பழைய டீவிதான். "அசல்" என்று ஒரே ஒரு அமைப்பை யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

சில விசயங்கள் ஷேடருக்கு எட்டாதவை. நின்டெண்டோவின் வாத்துச் சுடும் கேமில் துப்பாக்கி, குழாய்த் திரையின் ஒளியை உடனுக்குடன் பார்த்துத்தான் வேலை செய்தது. தட்டைத் திரைக்கு முன்னால் அது வெறும் பிளாஸ்டிக்.

மஞ்சள் வயரைப் போலச் செய்யும் ஷேடரைப் போட்டதும் மருமகனின் நீர்வீழ்ச்சி தண்ணீராகிவிட்டது. கொஞ்ச நேரம் வாயைத் திறந்து பார்த்தான். பிறகு கறுப்புக் கோட்டை முழுசாகக் கூட்டிவிட்டு, "இப்பதான் மாமா பழசு மாதிரி இருக்கு" என்றான்.

அவனுக்கு ஒரு உண்மைப் பெட்டியைக் காட்ட வேண்டும். பெரிய தொழிற்சாலைகள் இந்தக் குழாய் செய்வதை நிறுத்தி வருடங்களாகிவிட்டன. ஊரில் யாருடைய வீட்டிலாவது இன்னும் வேலை செய்யும் பழைய டீவி கிடந்தால், பழைய சாமான்காரருக்குக் கொடுக்க முதல் இன்பொக்ஸில் சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். தயவுசெய்து பின்மூடியை மட்டும் கழற்ற வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும்.