ஒரே கம்பி, மூன்று குரல்

மின் கிடாரை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பிகளுக்கு அடியில் குறுக்குவாக்கில் சிறு பட்டைகள் இரண்டோ மூன்றோ பதித்திருக்கும். அவற்றுக்குப் பிக்கப் என்று பெயர். பக்கத்தில் ஒரு சுவிட்ச். அதைத் தள்ளினால் வாசிப்பவர் கை மாறாமலே குரல் மாறும். "கம்பி ஒண்ணுதானே தாத்தா, எதுக்கு மூணு பிக்கப்?" என்று பேரன் கேட்டான். 34 ஆண்டுகள் மின்துறையில் காயிலோடும் காந்தத்தோடும் காலம் தள்ளியவன் நான். இசை எனக்குக் கேள்வி ஞானம்தான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு விடை தேடப்போய் ஒரு நல்ல வரலாறு கிடைத்தது. அதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அடிப்படை. பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும்தான். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும். காயிலில் மின்னழுத்தம் பிறக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தூண்டல் விதி. பிக்கப் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை, உலோகம் அசைவதைத்தான் உணர்கிறது. அதனால்தான் நைலான் கம்பி போட்டால் அது ஊமையாகிவிடும்.

இதைக் கிடாருக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஜார்ஜ் பீச்சம். அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து 1932இல் விற்பனைக்கு விட்ட அலுமினியக் கிடார் வாணலி மாதிரி இருந்ததால் 'ஃப்ரையிங் பேன்' என்றே பெயர் நிலைத்தது. மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் வகை அது. குதிரைலாட வடிவக் காந்தங்கள் இரண்டு, ஒரே ஒரு பிக்கப். காப்புரிமை கிடைக்க 1937 ஆயிற்று. அன்றைக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான்: கிடார் காதில் விழ வேண்டும். பெரிய வாத்தியக் குழுக்களில் ஊதுகருவிகளுக்கு நடுவே கிடார்க்காரர் வாசிப்பது அவருக்கே கேட்காது.

1936இல் கிப்ஸன் நிறுவனத்தின் இஎஸ்-150 வந்தது. அதில் பிக்கப்பைக் கழுத்துக்கு அருகே வைத்தார்கள். இந்தக் கிடாரோடு 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார் சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர். அதுவரை தாளம் போட்டுக்கொண்டிருந்த கிடார், சாக்ஸஃபோன் போலத் தனி ஆவர்த்தனம் வாசித்தது. குரலும் உருண்டையாக, கனமாக இருந்தது. 1942இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 25தான். அந்த பிக்கப்புக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது.

கழுத்தருகே வைத்தால் குரல் ஏன் கனக்கிறது? வீணை வாசிப்பவர்களுக்கு இது கைப்பழக்கம். குதிரைக்கு அருகில் மீட்டினால் நாதம் கூர்மை. தள்ளி மீட்டினால் மென்மை. பிக்கப்பிலும் கிட்டத்தட்ட இதே கதை. கம்பி இரண்டு முனைகளில் கட்டப்பட்டிருக்கிறது. முனைக்கு அருகில் அசைவு குறைவு, நடுவை நோக்கிப் போகப் போக அதிகம். அடிப்படைச் சுரம் கழுத்துப் பக்க பிக்கப்பில் வலுவாக விழும். குதிரைப் பக்கத்தில் அது மெலிந்து, மேல் சுரங்களின் பங்கு கூடித் தெரியும். இன்னொன்று: மேல் சுரம் ஒவ்வொன்றுக்கும் கம்பியில் அசையாத புள்ளிகள் உண்டு. பிக்கப் அந்தப் புள்ளிக்கு நேர் கீழே இருந்தால் அந்தச் சுரம் அதற்குக் கேட்காது. ஸ்ட்ராடோகாஸ்டரில் கம்பியின் நீளம் சுமார் 648 மில்லிமீட்டர். கழுத்து பிக்கப் ஏறக்குறைய அதில் கால் பங்கில் இருக்கிறது. விரல் வைக்காமல் வாசித்தால் அங்கே நான்காம் மடங்குச் சுரம் அடங்கிப்போகும். விரல் வைத்த மாத்திரத்தில் அந்தக் கணக்கும் நகர்ந்துவிடும்.

அடுத்த அத்தியாயம் கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டருடையது. அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. 1951இல் டெலிகாஸ்டர் என்ற பெயர் பெற்ற கிடாரில் குதிரைப் பக்கத்து பிக்கப்பைச் சாய்வாக வைத்தார். மெல்லிய கம்பிகள் குதிரைக்கு நெருக்கமாகி இன்னும் கூர்மையாகும். தடித்த கம்பிகள் தள்ளிப்போய்க் கனமாகும். 1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரிலும் அதே சாய்வு, அதோடு மூன்று பிக்கப். பின்னாளில் இடதுகைக்காரரான ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலதுகைக் கிடாரையே தலைகீழாகப் பிடித்துக் கம்பிகளை மாற்றிக் கட்டினார். சாய்வும் தலைகீழாயிற்று. தடித்த கம்பிக்குக் கூர்மை, மெல்லியதற்குக் குளிர்ச்சி. அவருடைய தனிக் குரலில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. ஸ்ட்ராடோகாஸ்டரின் சுவிட்சில் மூன்றே நிலைகள். ஒரு நேரத்தில் ஒரு பிக்கப். ஆனால் வாசித்தவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலித்தன. இரண்டும் கம்பியின் வெவ்வேறு இடங்களைக் கேட்பதால் சில மேல் சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிச்சம் வருவது மூக்கொலி கலந்த ஒரு குரல். 1978இல் வந்த 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' பாட்டில் மார்க் நாஃப்லர் கிடாரைக் கேட்டால் புரியும். ஃபெண்டர் நிறுவனம் ஐந்து நிலை சுவிட்ச் பொருத்தியது 1977இல். செய்தவர் நினைக்காததை வாசித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அதை ஏற்க நிறுவனத்துக்கு 23 ஆண்டுகள் ஆயின.

இடையில் என் துறைக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். காயில் என்றால் கம்பி அசைவோடு மின்சாரத்தின் ரீங்காரமும் ஏறிக்கொள்ளும். கிப்ஸனில் இருந்த செத் லவர் இரண்டு காயில்களை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் எதிராக வைத்தார். கம்பியின் சமிக்ஞை கூடும், ரீங்காரம் கழியும். 1955இல் விண்ணப்பித்த காப்புரிமை 1959இல் கிடைத்தது. டிரான்ஸ்ஃபார்மர் பாதுகாப்பில் நாங்கள் வைக்கும் டிஃபரென்ஷியல் ரிலேயும் சமமானதைக் கழித்து வேண்டியதை மட்டும் பிடிப்பதுதான். ஹம்பக்கர் என்ற பெயரைப் படித்தபோது பழைய சகஊழியரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இப்போது சொந்த விஷயம். கழுத்துக்கும் குதிரைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் வெளிச்சமாகிறது. வயது முதலில் தின்பதும் அந்தப் பகுதியைத்தான். கருவி மாட்டாமல் கேட்டால் எனக்கு இரண்டும் பங்காளிகள் போல இருக்கின்றன. காதுக் கருவி மாட்டினால் குதிரைப் பக்கக் கூர்மை திரும்புகிறது. பேத்தி பேசும் 'ச', 'ஸ' எழுத்துகளும் அதோடு திரும்புகின்றன. கருவி மாட்டக் கூச்சப்படும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்தக் கருவியில் 'டி' என்றொரு நிலை உண்டு. அதில் வேலை செய்வது ஒரு சின்னஞ்சிறு காயில். தொலைபேசியின் காந்த அலையை நேரே பிடிக்கும். மின்பெட்டிக்குப் பக்கத்தில் போனால் ஹம் கேட்கும். கிடாருக்கு வைத்ததில் ஒன்று எனக்கும் இருக்கிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?