சாட்சியத்தில் தொடங்கிய ஒரு கூடம்

கென்யா என்றால் எங்கள் ஆட்களுக்கு ஓட்டக்காரரும் தேயிலையும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது உசாகிடி. சுவாகிலி மொழியில் அதற்கு 'சாட்சியம்' என்று அர்த்தம்.

2007 டிசம்பர் 27இல் அங்கே தேர்தல். முடிவில் தகராறு வந்து அது இனக்கலவரமாக மாறியது. இரண்டு மாதத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். லட்சக்கணக்கானோர் வீடுவாசல் இழந்தார்கள். நேரடிச் செய்தி ஒளிபரப்புக்கு அரசாங்கம் தடை போட்டது. எங்கே எரிகிறது, யார் செத்தது என்று பக்கத்து ஊருக்கே தெரியாது. 83 யூலையைக் கண்ட குடும்பங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஓரி ஒகோலோ என்ற பெண் சட்டத்தரணி 2008 சனவரி தொடக்கத்தில் இணையத்தில் ஒரு உதவி கேட்டார். நடப்பதையெல்லாம் ஒரு வரைபடத்தில் குறித்து வைக்க யாராவது வருவீர்களா என்பதுதான் அது. டேவிட் கோபியா, யூலியானா ரோடிச், எரிக் ஹெர்ஸ்மன் போன்றவர்கள் வந்தார்கள். கோபியா அப்போது இருந்தது அமெரிக்காவில். சில நாட்களிலேயே வேலை முடிந்தது. சனங்கள் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பினாலும் வரைபடத்தில் ஏறும். அந்த நேரம் கம்பனியும் இல்லை, சம்பளமும் இல்லை. 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அதே மென்பொருளைத்தான் பாவித்தார்கள்.

கதை அதோடு நிற்கவில்லை. நைரோபியில் புரோகிராம் எழுதுபவர்களும் வடிவமைப்பாளர்களும் நிறையவே இருந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். 2009இல் மொம்பாசாவுக்குக் கடலடிக் கேபிள் வந்தது. 2010 மார்ச்சில் நொங் வீதியில், ஒரு கட்டிடத்தின் நாலாம் மாடியில் ஐஹப் என்ற பொதுக்கூடத்தைத் திறந்தார்கள். மேசை, வேகமான இணையம், கோப்பி, அவ்வளவுதான். காசு கொடுக்க முடியாத இளையவர்களுக்கும் இடம் இருந்தது. ஒருவர் முட்டுப்பட்ட இடத்தில் பக்கத்து மேசைக்காரர் வழி சொல்வார். கனபேர் அங்கே பழகித்தான் சொந்தத் தொழில் தொடங்கினார்கள்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். வெளிநாட்டு நிதியும் அதற்குத் தேவைப்பட்டது. 2019இல் லாகோசைச் சேர்ந்த சிசிஹப் அதை வாங்கிக்கொண்டது. ஆனாலும் அந்தப் பத்து வருடத்தில் பழகிய ஆட்களை யாரும் விலைக்கு வாங்க முடியாது.

இதை ஏன் எழுதுகிறேன்? 2006இல் பாதை பூட்டியதோடு என் கம்பஸ் படிப்பு நின்றது. இப்போது குசினியில் வேலை. என்னோடு கோப்பை கழுவிய பெடியன்களில் படம் கீறுபவனும் இருந்தான், புரோகிராம் தெரிந்தவனும் இருந்தான். ஒருவனை ஒருவனுக்குத் தெரியாது. எங்களுக்குக் கோயில் இருக்கிறது, ஊர்ச்சங்கம் இருக்கிறது, கலியாண மண்டபம் இருக்கிறது. ஊர் கேட்காமல், கட்சி கேட்காமல் இவர்கள் போய் இருக்க ஒரு அறை இல்லை. 2009இல் நாங்கள் வீதியில் நின்று கத்தினோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் திகதியும் இடமும் பெயரும் குறித்து வைக்க முன்கூட்டியே பழகிய ஆட்கள் வேண்டும். அவசரம் வந்த பிறகு தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா பூட்டிக் கிடக்கிற தமிழ்ப் பள்ளிக்கூட அறை ஒன்று போதும். உங்கள் நகரத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா, சொல்லுங்கள்.