நிகழ்வுக் கட்டளை முறை: தோற்றமும் வளர்ச்சியும்

பேரிடர் நேர்ந்த இடத்தில் பல துறைகள் ஒன்றுகூடிப் பணியாற்றும்போது யார் தலைமை தாங்குவது, யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், செய்தி எந்த வழியாகப் போய்வர வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே வகுத்து வைக்கும் நிர்வாக முறை, நிகழ்வுக் கட்டளை முறை எனப்படுகிறது. ஆங்கிலத்தில் இது இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம், சுருக்கமாக ஐ.சி.எஸ். என்று வழங்கும். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காட்டுத்தீயை அணைப்பதற்காக உருவான இம்முறை, பின்னர் வெள்ளம், புயல், நிலநடுக்கம், பெருவிபத்து என எல்லா வகை நெருக்கடிகளுக்கும் விரிந்தது. இந்தியாவில் 2010ஆம் ஆண்டு முதல் சில மாற்றங்களுடன் இது நடைமுறைக்கு வந்தது.

பேரிடரில் உயிர்கள் போவதற்கு ஆள் பற்றாக்குறையும் கருவிப் பற்றாக்குறையும் மட்டுமே காரணம் என்று பொதுவாக எண்ணுகிறோம். ஆளும் கருவியும் போதிய அளவு இருந்தும், யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாத குழப்பத்தால் உயிர்கள் போனதுண்டு. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட கதைதான் இம்முறையின் வரலாறு.

1970: கலிபோர்னியாவின் தீ

1970ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் தெற்குக் கலிபோர்னியாவில் வறண்ட வெப்பக் காற்று பலமாக வீசியது. சாந்தா ஆனா காற்று என்று அங்குள்ளோர் அழைக்கும் அது, பல இடங்களில் மூண்ட தீயை ஒரே நேரத்தில் பரப்பியது. 13 நாட்களில் 16 பேர் இறந்தனர். 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. 5 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலம் கருகியது. சான் டியேகோ பகுதியில் பரவிய லகுனா தீ மட்டும் சுமார் 1,75,000 ஏக்கரை அழித்தது.

தீயை அணைக்க நடுவண் அரசின் வனத்துறை, மாநில வனத்துறை, மாவட்ட, நகரத் தீயணைப்புத் துறைகள் எனப் பல அமைப்புகள் வந்தன. எல்லோரும் உயிரைப் பணயம் வைத்து உழைத்தனர். ஆனால் ஒவ்வொரு துறைக்கும் தனி அதிகார அடுக்கு இருந்தது. வயர்லெஸ் கருவிகளின் அலைவரிசைகள் வேறுபட்டதால் ஒரு துறையினர் பேசியது மற்றத் துறையினருக்குக் கேட்கவில்லை. சொற்களும் வேறுபட்டன. டேங்கர் என்றால் ஒரு துறையில் தண்ணீர் லாரி. இன்னொரு துறையில் வானிலிருந்து தண்ணீர் கொட்டும் விமானம். "டேங்கர் அனுப்புங்கள்" என்று கேட்டால் எது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஃபயர்ஸ்கோப் திட்டம்

இந்தப் பேரழிவுக்குப் பின் அமெரிக்க நாடாளுமன்றம் நிதி ஒதுக்க, வனத்துறையும் கலிபோர்னியாவின் மாநில, மாவட்ட, நகரத் தீயணைப்புத் துறைகளும் சேர்ந்து ஃபயர்ஸ்கோப் என்னும் கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. நேர்ந்த தவறுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை நிர்வாகத்திலும் தகவல் தொடர்பிலும் இருந்த குறைகளால் வந்தவை என்று தெரிந்தது. ஒரே மேலாளரிடம் அளவுக்கு மீறிய பேர் நேரடியாகப் பேசினர். பொதுவான திட்டம் இல்லை. அதிகார எல்லை தெளிவாக இல்லை.

இவற்றுக்கு விடையாக உருவானதே ஐ.சி.எஸ். 1970களின் பிற்பகுதியில் களத்தில் சோதிக்கப்பட்டு, 1980களில் கலிபோர்னியாவைத் தாண்டியும் பரவியது.

முறையின் அடிப்படைகள்

இம்முறையின் விதிகள் எளியவை.

முதலாவது, ஒருவருக்கு ஒரு மேலாளர்தான். களத்தில் உள்ள எவரும் இரண்டு பேரிடமிருந்து ஆணை பெறக் கூடாது.

இரண்டாவது, ஒரு மேலாளரின் கீழ் மூன்று முதல் ஏழு பேர் வரைதான் இருக்க வேண்டும். ஐந்து பேர் என்பது பொருத்தமான அளவு. அதற்கு மேல் போனால் குழுவைப் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது, எல்லோருக்கும் ஒரே சொல்வழக்கு. டேங்கர் என்றால் விமானம், டெண்டர் என்றால் தண்ணீர் லாரி என்று வரையறுத்தனர். துறைக்குத் துறை மாறும் குறியீட்டு எண்களை விடுத்து, எல்லோருக்கும் புரியும் எளிய மொழியில் பேசச் சொன்னார்கள்.

நான்காவது, வேலைப் பிரிவு. தலைமை, செயல்பாடு, திட்டமிடல், தளவாடம், நிதி என ஐந்து பணிகள். சிறிய விபத்தில் ஐந்தையும் ஒருவரே பார்க்கலாம். நிகழ்வு பெரிதாகும்போது ஒவ்வொன்றுக்கும் தனித் தனி ஆட்கள் வருவர். நிகழ்வு சுருங்கும்போது அமைப்பும் சுருங்கும்.

ஐந்தாவது, பதவியைவிடப் பணி முக்கியம். களத்துக்கு முதலில் வந்தவரே நிகழ்வுத் தலைவர். அவரைவிடத் தகுதியும் பயிற்சியும் உள்ளவர் வந்து, நிலைமையைக் கேட்டறிந்து, முறைப்படி பொறுப்பேற்கும்வரை அவரே தலைவர். உயர் அதிகாரி ஒருவர் வந்து நின்றதனால் மட்டும் தலைமை மாறிவிடாது.

பல துறைகளுக்கும் சட்டப்படி பொறுப்பு உள்ள இடத்தில், அவற்றின் தலைவர்கள் ஒன்றாக அமர்ந்து ஒரே திட்டத்தை வகுப்பர். இது ஒருங்கிணைந்த தலைமை எனப்படும்.

2001: ஒரே நாள், இரண்டு களங்கள்

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நடந்த தாக்குதல்கள் இம்முறைக்குக் கடுமையான சோதனையாக அமைந்தன. நியூயார்க்கில் உலக வணிக மையத்தின் தெற்குக் கோபுரம் காலை 9.59 மணிக்குச் சரிந்தது. வடக்குக் கோபுரத்தில் இருந்த தீயணைப்பு வீரர்களுக்கு உடனே வெளியேறும்படி ஆணை பிறந்தது. ஆனால் வயர்லெஸ் கோளாறுகளாலும் நெரிசலாலும் அந்த ஆணை பலரை எட்டவில்லை. பக்கத்துக் கோபுரம் விழுந்ததே பலருக்குத் தெரியாது. மேலே ஹெலிகாப்டரில் இருந்த காவல்துறையினர் கண்டு சொன்னவை தீயணைப்புத் துறைக்குப் போய்ச் சேர வழியில்லை. 10.28 மணிக்கு வடக்குக் கோபுரமும் விழுந்தது. அன்று இறந்த நியூயார்க் தீயணைப்புத் துறையினர் 343 பேர்.

அதே நாளில் பென்டகன் கட்டடமும் தாக்கப்பட்டது. அங்கே ஆர்லிங்டன் மாவட்டத் தீயணைப்புத் துறை தலைமையேற்றது. அப்பகுதித் துறைகள் ஐ.சி.எஸ். முறையில் முன்பே சேர்ந்து பயிற்சி பெற்றவை. கட்டடத்தின் ஒரு பகுதி சரியப் போவதை உணர்ந்த நிகழ்வுத் தலைவர் 9.55 மணிக்கு எல்லோரையும் வெளியேறச் சொன்னார். 9.57க்கு அப்பகுதி சரிந்தது. மீட்புப் பணியாளர் ஒருவருக்கும் காயமில்லை.

இரண்டு களங்களும் அளவில் மிக வேறுபட்டவை. நேருக்கு நேர் ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. எனினும் இரண்டு நிமிடம் முன்னதாகச் சொன்ன ஒரு சொல், எல்லோர் காதிலும் விழுந்ததால் உயிர்களைக் காத்தது என்பது தெளிவு. 2003இல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பிறப்பித்த ஆணையின்படி, 2004இல் அமெரிக்கா முழுமைக்குமான தேசிய நிகழ்வு மேலாண்மை முறை வந்தது. ஐ.சி.எஸ். அதன் ஓர் அங்கமானது.

இந்தியாவில்

1999 ஒடிசா பெரும்புயல், 2001 குஜராத் நிலநடுக்கம் ஆகியவற்றுக்குப் பின் இந்தியாவிலும் இது பற்றிய சிந்தனை தொடங்கியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அதன் தேவையை நம் கண்முன் நிறுத்தியது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தனர். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர்.

நாகப்பட்டினத்துக்கு உதவி எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தது. ஆனால் எந்த ஊருக்கு என்ன தேவை என்பது தெரியாமல் வந்த உதவி பல இடங்களில் சுமையாயிற்று. யாரும் உடுத்தாத பழைய துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. இதைச் சீர்படுத்த, மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்து தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று செயல்பட்டது. எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்ற தகவலை ஓரிடத்தில் திரட்டியதே பெரும் உதவியாக அமைந்தது.

2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி தேசிய ஆணையத்துக்குப் பிரதமரும், மாநில ஆணையத்துக்கு முதலமைச்சரும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரும் தலைவர்கள். 2010 ஜூலையில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிகழ்வு எதிர்வினை முறைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஐ.ஆர்.எஸ். என்று அழைக்கப்படும் இது, ஐ.சி.எஸ்.ஸின் இந்திய வடிவம். மாவட்டத்தில் ஆட்சியரே பொறுப்பு அலுவலர். அவருக்குக் கீழ் நிகழ்வுத் தலைவர் களத்தை நடத்துவார். செயல்பாடு, திட்டமிடல், தளவாடம் என மூன்று பிரிவுகள் உண்டு. நிதி, தளவாடப் பிரிவுக்குள் அடங்கும். இப்பொறுப்புகளுக்கு உரியவர்களை முன்பே பெயர் குறித்து, பயிற்சி அளித்து வைக்க வேண்டும் என்பது இதன் உயிர்நாடி.

குறைகள்

இம்முறை மீது விமர்சனங்களும் உண்டு. ரசல் டைன்ஸ், இ.எல். குவாரன்டெல்லி போன்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள், மேலிருந்து ஆணையிடும் முறையில் மக்கள் வெறும் பாதிக்கப்பட்டோராகவே பார்க்கப்படுகிறார்கள் என்று சுட்டிக்காட்டினர். உண்மையில் எந்தப் பேரிடரிலும் முதலில் கை கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆழிப்பேரலையின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் தப்பி வந்த மீனவ மக்களுக்கு உணவும் உறைவிடமும் தந்தனர். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் தங்கள் ஊர்களில் நிவாரணப் பங்கீட்டை முன்னின்று நடத்தின. எந்த அரசு விளக்கப்படத்திலும் இவர்களுக்குக் கட்டம் இல்லை. இத்தகைய ஊர் அமைப்புகளையும் தன்னார்வலர்களையும் இணைத்துக்கொள்ளும் அளவுக்கே எந்தக் கட்டளை முறையும் பயன்தரும்.

இன்னொரு குறை, தாளில் மட்டும் இருப்பது. பென்டகனில் இம்முறை பயன்பட்டதற்குக் காரணம், அங்கு வந்தவர்கள் அதற்கு முன்பே ஒருவரையொருவர் அறிந்திருந்ததும் சேர்ந்து பழகியிருந்ததும்தான். யார் தலைவர் என்ற கேள்விக்கு அமைதியான நாளிலேயே விடை கண்டு, ஒத்திகை பார்த்து வைக்க வேண்டும். வெள்ளம் வாசலுக்கு வந்தபின் அதைப் பேசி முடிவு செய்ய நேரம் இருக்காது.